அசைந்தால் எரியும்

உணவுக்கூடத்தில் உட்காரவைத்தார்கள் எங்களை.
எழுநூற்றுப் பதினோரு பேர்.
தட்டுகள் இல்லை,
வியாழக்கிழமை சூப்பின் வாசனை மட்டும் சுவரில் இருந்தது.

திரையில் தலைவர்.
அவருக்குப் பின்னால் ஒரு காடு.
படமா, ஜன்னலா என்று
ஒர்னெல்லா என் காதில் கேட்டாள்.
ஓர் இலைகூட ஆடவில்லை. படம்தான்.

இன்னும் ஆறு வருடத்தில், என்றார்,
நம் கார் எதுவும் புகைவிடாது.
பிறகு ஒரு வரைபடம்:
பச்சைக் கோடு ஏறியது, சாம்பல் கோடு இறங்கியது.
சாம்பல், கரியமிலவாயு என்றுதான் நினைத்தேன்.
அது நாங்கள்.

அப்போது விளக்கு அணைந்தது.

மின்சாரம் போகவில்லை.
போன வசந்தத்தில் மாட்டிய விளக்குகள் அவை,
ஆள் அசைந்தால் எரியும்.
ஆறு நிமிடம் அசைவில்லை என்றால்
ஆளில்லை என்று தானே முடிவுசெய்துகொள்ளும்.
சிக்கனத்துக்குப் பரிசு வாங்கித் தந்தவை.
பரிசளிப்பில் நானும் கைதட்டினேன்.

எழுநூறு பேர் ஆறு நிமிடம்
கல்லாய்ச் சமைந்திருந்தோம் என்று
எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

இருட்டில் தலைவரும் காடும் மட்டும் ஒளிர,
வான்னெஸ் ஒரு கையை உயர்த்தினான்.
வெளிச்சம் வந்தது.
கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்வோம்
என்றது திரை.

நாற்பத்தோராம் நிலையம் என்னுடையது.
தலைக்குமேல் வண்டி வரும், வயிற்றைக் காட்டிக்கொண்டு.
புகைக்குழாயை ஏந்தி,
ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டு, மூன்று போல்ட்.
ஐம்பத்தெட்டு நொடி.
பத்தொன்பது வருடம்.
இடது தோள் வலதைவிடத் தாழ்ந்துபோனது.
தையல்காரி நெர்மின் கேட்காமலே
அந்தப் பக்கம் கொஞ்சம் பஞ்சு கூட்டிவைப்பாள்.

புது வண்டியை எங்களுக்கும் காட்டினார்கள்.
அடிவயிறு பலகைபோல் சமதளம்.
கைவைத்துத் தடவினேன்.
எதையும் மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
எங்கள் வீட்டில்
புகையில்லாமல் அடுப்பெரிந்ததில்லை.

நெடுஞ்சாலைக்கு முதுகுகாட்டி நிற்கிறது அந்த வீடு.
கொராய் நீல இன்ஹேலரைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறான்.
அவன் இருமும் இரவுகளில்
ஓடுகிற வண்டிகளை எண்ணியிருக்கிறேன்,
எத்தனையில் என் மூன்று போல்ட் என்று.
ஆகவே அந்தக் காட்டுக்கு எதிராகக் கோஷம்போட
வாய் வரவில்லை எனக்கு.
வாசலில் டயர் எரித்தபோதும்
காற்றடிக்காத பக்கமாய்த் தள்ளி நின்றேன்.

லிம்பர்கில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடியபோது
கார் வருகிறது என்றார்கள், வந்தது.
கார் போனால்?
ஆடு வந்திருக்கிறது.
சோலார் பலகைகளின் அடியில் புல்மேய அறுபது ஆடு.
எங்கள் அட்டையைப்போலவே காதில் ஓர் எண்.
அவற்றின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டுவிட்டது,
வான்னெஸ் விசாரித்துவிட்டான்.

கடிதத்தில் வேலைநீக்கம் என்ற சொல் இல்லை.
நிலைத்த எதிர்காலத்துக்கான மறுசீரமைப்பு.
என் அட்டையில் நிரந்தரத் தொழிலாளி என்றிருந்தது.
நிலைத்ததும் நிரந்தரமும் ஒரே பொருள் என்று
டச்சு மொழிப் பரீட்சையில் எழுதித் தேறியவள் நான்.
தாள் மறுசுழற்சி செய்யப்பட்டது.
அதை மட்டும் மூலையில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

நேற்றிரவு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
தண்ணீர் குடிக்க வந்த யாவுஸ்
ஏன் கையைத் தூக்கிவைத்திருக்கிறாய் என்றான்.

பார்த்தேன்.
தூக்கித்தான் வைத்திருந்தேன்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது,
பழைய குண்டு பல்பு,
ஆளைப் பார்க்கத் தெரியாதது.